தொகுப்பாளர் தம் உறவினர் கடையைப் பட்டியலில் சேர்க்கலாமா? நெல்லை இணையதள அடைவு குறித்து ஒரு கேள்வி

பொருநைக்கரையான், பாளையங்கோட்டை:

வணக்கம். நெல்லை, தென்காசி, தூத்துக்குடி ஆகிய மூன்று மாவட்டங்களைச் சேர்ந்த கடைகள், கோயில்கள், பள்ளிகள், நூலகங்கள், கைத்தொழில் செய்வோர் ஆகியோரின் இணையதளங்களை ஒவ்வொன்றாகத் திறந்து படித்து, தகுதியானவற்றுக்கு இரண்டு வரி விளக்கம் எழுதி, துறைவாரியாகப் பட்டியலிடும் ஓர் அடைவை நண்பர்கள் சிலர் சேர்ந்து ஊதியமின்றி நடத்தி வருகிறோம். தேடுபொறி இருக்கையில் இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பத்தமடைப் பாயைத் தேடுகிறவருக்கு, தறியைக் கண்ணாலும் பார்த்திராத இடைத்தரகர்களின் பக்கங்கள் முன்னால் வந்து நிற்பதும், நெய்கிறவரின் பக்கம் எங்கோ அடியில் கிடப்பதும் வழக்கமாகிவிட்டதால்தான் இதைத் தொடங்கினோம்.

இப்போது ஒரு சிக்கல். எங்கள் உணவுப் பிரிவைக் கவனிக்கும் தொகுப்பாளரின் தாய்மாமன் டவுனில் அல்வாக் கடை வைத்திருக்கிறார். அந்தக் கடையின் இணையதளம் விண்ணப்பித்த மறுநாளே பட்டியலில் ஏறிவிட்டது. அதே பிரிவில் மற்றக் கடைகளின் விண்ணப்பங்கள் மாதக்கணக்கில் காத்துக் கிடக்கின்றன. பிறருடைய விளக்கங்களிலிருந்து "உலகப் புகழ்பெற்ற", "அசல்", "பாரம்பரியமிக்க" போன்ற சொற்களையெல்லாம் அவர் ஒழுங்காகவே நீக்கியிருக்கிறார். மாமன் கடையின் விளக்கத்தில் மட்டும் "புகழ்பெற்ற" என்ற ஒரு சொல் தங்கிவிட்டது. கேட்டதற்கு, "பேர் போன கடைதானே அண்ணாச்சி, பொய்யா எழுதிட்டேன்?" என்றார். பொய் இல்லை. அதனால்தான் எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

உறவினரின் தளத்தைத் தொகுப்பாளர் தொடவே கூடாது என்று எங்களில் பாதிப் பேர் சொல்கிறார்கள். மற்றப் பாதிப் பேரோ, நம் ஊர்ப்பக்கம் பெண் கொடுத்துப் பெண் எடுக்காத குடும்பம் எது, அந்த விதியை வைத்தால் ஒரு பிரிவுக்குக்கூடத் தொகுப்பாளர் மிஞ்ச மாட்டார் என்கிறார்கள். இது போதாதென்று, பட்டியல் அகரவரிசையில் இருப்பதைக் கண்டுகொண்ட சிலர், கடைப் பெயருக்கு முன்னால் "அசல்" என்று சேர்த்து விண்ணப்பிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். நிராகரிக்கும் தளங்களுக்கான காரணத்தை வெளியிட வேண்டுமா என்பதிலும் எங்களுக்குள் ஒற்றுமை இல்லை. இத்தகைய அடைவுகளில் பணியாற்றிய அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

கல்லிடை வாசகன்:

டிமாஸ் என்று அழைக்கப்பட்ட, பல மொழித் தளங்களையும் பட்டியலிட்ட ஓப்பன் டைரக்டரி என்ற இணையதள அடைவின் தமிழ்ப் பிரிவில் சில காலம் தொகுப்பாளனாக இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். யாகூ அடைவில் ஊதியம் பெறும் தொகுப்பாளர்களால் புதிய தளங்களைச் சேர்த்து மாளவில்லை, செத்துப்போன இணைப்புகளைக் களையவும் முடியவில்லை என்ற குறை பெருகியிருந்த 1998-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், ரிச் ஸ்க்ரென்டாவும் பாப் ட்ரூயலும் தன்னார்வலர்களைக் கொண்டு ஓப்பன் டைரக்டரியைத் தொடங்கினார்கள். அதே ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனம் அதை வாங்கியது. 2017 மார்ச்சில் மூடப்பட்டபோது அதில் 38 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் இருந்தன. அதுவரை ஏறத்தாழ 90,000 பேர் தொகுப்பாளர்களாக இருந்திருந்தார்கள். அத்தனை பேரில் சொந்தத் தொழிலோ உறவினர் தொழிலோ இல்லாதவர்களை மட்டும் பொறுக்கி எடுப்பது நடக்கிற காரியமா? உண்மையில், ஒரு துறையில் தொகுப்பாளராக முன்வருகிறவருக்கு அந்தத் துறையில் ஏதேனும் ஒரு பிடிப்பு இருக்கத்தான் செய்யும். மீன்பிடி வலை பற்றிய பிரிவுக்கு மீன்பிடிக்காதவர் எவரும் விண்ணப்பிக்கப் போவதில்லை.

அதனால் அங்கே விதி வேறு விதமாக இருந்தது. தொகுப்பாளராக விண்ணப்பிக்கும்போதே, தமக்குத் தொடர்புள்ள தளங்கள் எவை என்று சொல்லிவிட வேண்டும். சொந்தத் தளத்தைச் சேர்ப்பதற்குத் தடை இல்லை. ஆனால் போட்டியாளர்களின் தளங்களையும் அதே அக்கறையுடன் தேடிச் சேர்க்க வேண்டும். தம்முடையதை மட்டும் ஏற்றிவிட்டுப் பிரிவைக் கைவிடுவதும், போட்டியாளரின் விளக்கத்தைக் குறைத்து எழுதுவதும், வரிசையில் வேண்டுமென்றே காக்க வைப்பதும், காசு வாங்கிக்கொண்டு சேர்ப்பதும் பதவி பறிபோகும் குற்றங்கள். புதியவர்களுக்கு முதலில் ஒரு சிறு பிரிவைத்தான் கொடுப்பார்கள். மாதிரிக்குச் சில தளங்களுக்குத் தலைப்பும் விளக்கமும் எழுதிக் காட்டச் சொல்வார்கள். வேலையைப் பார்த்தபின் மேல்நிலைத் தொகுப்பாளர்கள் அடுத்த பிரிவைத் திறந்துவிடுவார்கள்.

தாங்கள் சொன்ன அல்வாக் கடை விஷயத்தில், மாமன் கடையைச் சேர்த்தது தவறென்று நான் நினைக்கவில்லை. மறுநாளே சேர்த்ததுதான் தவறு, அதுவும் மற்றவை கிடப்பில் இருந்ததால்தான் தவறு. அந்த வாரமே காத்திருந்த கடைகளையும் அவர் பார்த்து முடித்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. "புகழ்பெற்ற" என்ற சொல்லைப் பொறுத்தவரை, உண்மையா பொய்யா என்று வாதிடத் தேவையே இல்லை. விளக்கம் என்பது அந்தத் தளத்தில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்வது. "திருநெல்வேலி டவுனில் உள்ள அல்வா, மிட்டாய்க் கடை. விலைப்பட்டியலும் வெளியூருக்கு அனுப்பும் விவரமும் உள்ளன." இவ்வளவுதான். கடையின் புகழ் தளத்தில் இருக்கும் பொருளல்ல. ஆகவே விளக்கத்தில் அதற்கு வேலை இல்லை. இந்த அளவுகோலை வைத்தால் எந்தக் கடைக்காரரிடமும் உங்கள் கடை புகழ்பெற்றதா இல்லையா என்று விவாதிக்க வேண்டியிருக்காது.

தலைப்புக்கும் அதே கதைதான். கடையின் பெயர்ப் பலகையில் என்ன இருக்கிறதோ, ரசீதில் என்ன அச்சாகியிருக்கிறதோ அதுதான் தலைப்பு. ரசீதில் "அசல்" இல்லாவிட்டால் பட்டியலிலும் இல்லை.

ஓப்பன் டைரக்டரியின் குறை வேறிடத்தில் இருந்தது. எந்தத் தளத்தை யார் சேர்த்தார், யார் மாற்றினார், ஏன் நீக்கினார் என்ற குறிப்புகள் எல்லாம் எழுதி வைக்கப்பட்டிருந்தன; ஆனால் அவற்றைத் தொகுப்பாளர்கள் மட்டுமே பார்க்க முடியும். விண்ணப்பித்தவருக்குப் பதில் எதுவும் போகாது. 2000-இலிருந்து கூகுள் நிறுவனம் அந்தப் பட்டியலை எடுத்துத் தன் டைரக்டரியாகவே காட்டத் தொடங்கியபின், அதில் இடம்பெறும் ஒரு வரிக்குப் பெரிய வணிக மதிப்பு வந்துவிட்டது. மதிப்புள்ள ஒன்றை மூடிய கதவுக்குள் வைத்துப் பங்கிட்டால் ஊர் என்ன பேசும்? லஞ்சம் என்று பேசியது. சில பேச்சு உண்மையாகவும் இருந்திருக்கலாம். உண்மையாக உழைத்த தொகுப்பாளர்களுக்கும் தங்கள் நேர்மையை மெய்ப்பிக்க வழி இல்லாமல் போனது. எனவே குறிப்பேட்டைத் திறந்து வையுங்கள், நிராகரிப்புக் காரணம் உட்பட அனைத்தையும் வெளியிடுங்கள் என்பதே என் யோசனை.

பாய்க்காரர் மகள், பத்தமடை:

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கோரைப்பாய் நெய்கிறார்கள். அம்மாவும் சின்னம்மாவும் நெய்கிற பாய்களை விற்பதற்காக ஓர் இணையதளம் வைத்திருக்கிறேன். பெயர் சொல்ல விரும்பாத ஓர் அடைவுக்கு அதை அனுப்பினேன். ஏற்றுக்கொண்டோம் என்றும் வரவில்லை, மறுத்தோம் என்றும் வரவில்லை. மறுபடி அனுப்பினால் தொல்லை என்று தள்ளிவிடுவார்களோ, அனுப்பாவிட்டால் மறந்துவிடுவார்களோ என்று தெரியாமல் இருப்பதைப்போல எரிச்சல் வேறில்லை. "உங்கள் தளத்தில் முகவரி இல்லை, சேர்த்துவிட்டு மீண்டும் அனுப்புங்கள்" என்று ஒரு வரி வந்திருந்தால் அன்றைக்கே சேர்த்திருப்பேன். உறவினருக்குச் சலுகை காட்டுவதைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்கள். முகம் தெரியாதவருக்குப் பதிலே போடாமல் இருப்பதையும் அநீதி என்ற கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உறவினரை முழுக்க விலக்கிவிட்டால் உங்களுக்கு யார் உண்மையைச் சொல்வார்கள்? பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தபிறகும் அந்தப் பெயரில் விசைத்தறிப் பாயும் பிளாஸ்டிக் பாயும் விற்கும் தளங்கள் இருக்கின்றன. வெளியூர்த் தொகுப்பாளர் படத்தைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். எங்கள் தெருக்காரர் பார்த்தால், மெல்லிய பாயில் கோரை எவ்வளவு நுணுக்கமாகக் கிழிக்கப்பட்டிருக்கிறது, ஓரம் எப்படி முடியப்பட்டிருக்கிறது, கல்யாணப் பாயில் மணமக்கள் பெயர் நெய்யப்பட்டதா அல்லது மேலே அச்சடிக்கப்பட்டதா என்பதையெல்லாம் படத்தைப் பெரிதாக்கியே சொல்லிவிடுவார். ஒரு முறை மூன்று வெவ்வேறு கடைப் பெயர்களில் இருந்த தளங்களில் ஒரே பாயின் படம் இருந்தது. மூலையில் இருந்த சாயக்கறையை வைத்துத்தான் அது எங்கள் வீட்டுப் பாய் என்று சின்னம்மா கண்டுபிடித்தார்கள். அந்த மூன்றையும் ஒரே ஆள் நடத்துகிறார் என்பது தொலைபேசி எண்ணைப் பார்த்தபோது தெரிந்தது.

ஆகையால் சொந்தக்காரர் தகவல் சொல்லட்டும். முடிவை இன்னொருவர் எடுக்கட்டும். எங்கள் ஊர்ப் பாய்த் தளங்களை வீரவநல்லூர்க்காரரோ அம்பாசமுத்திரத்துக்காரரோ பார்த்துக் கையெழுத்திடலாம். அவர்களுடைய கைத்தறித் தளங்களை எங்கள் பக்கத்தார் பார்க்கலாம். ஆள் பஞ்சம் என்று சொல்வதற்கும் இடம் இருக்காது.

பழைய நூலகன், திருநெல்வேலி சந்திப்பு:

மூன்று பதிவுகளையும் கவனமாகப் படித்தேன். ஒரே ஒரு விஷயத்தில் கல்லிடை வாசகனுடன் மாறுபடுகிறேன். நிராகரிப்புக் காரணத்தை ஊரறிய வெளியிடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. "முழுமையற்ற தளம்" என்று ஒரு சிறு கடையின் பெயருக்கு எதிரே எழுதி வைத்தால், கடைக்காரர் மறுமாதம் தளத்தைச் சீர்செய்துவிட்டாலும் அந்த வரி தேடுபொறியில் நெடுங்காலம் நிற்கும். "போலி" என்று எழுதினால் வழக்கறிஞர் அறிவிப்பே வரக்கூடும். ஊதியமில்லாமல் உழைக்கிறவர்கள் நீதிமன்றப் படியேறுவது நியாயமா? விதிகள் எல்லோருக்கும் தெரியட்டும். காரணம் விண்ணப்பித்தவருக்கு மட்டும் போகட்டும். சேர்த்தது யார், என்றைக்கு, விண்ணப்பம் வந்த நாள் எது, தொகுப்பாளருக்கும் தளத்துக்கும் உறவு உண்டா என்பவை பட்டியலிலேயே தெரியட்டும். விண்ணப்ப நாளும் சேர்த்த நாளும் அருகருகே இருந்தால், மாமன் கடை மறுநாளே ஏறியதை வாசகரே பார்த்துக்கொள்வார்.

அகரவரிசை பற்றி ஒரு குறிப்பு. இது சில்லறை விஷயம்போலத் தோன்றினாலும் சண்டை வருவது இங்கேதான். கணினி யூனிகோடு எண்வரிசைப்படி அடுக்கினால், ஜகரத்தில் தொடங்கும் கடை சகரத்துக்கு அடுத்து வந்துவிடும். தமிழ் அகராதி மரபிலோ கிரந்த எழுத்துகள் னகரத்துக்குப் பின்னால், கடைசியில்தான் வரும். ஒருவர் மரபுப்படி அடுக்குவேன் என்பார். ஜகரப் பெயர் கொண்ட கடைக்காரர் தம்மை அடியில் தள்ளிவிட்டதாகச் சொல்வார். எதை வேண்டுமானாலும் பின்பற்றுங்கள், ஆனால் முதல் நாளே எழுதி வைத்துவிடுங்கள். பிரிவு சிறியதாக இருந்தால் ஊர்வாரியாகப் பிரித்துவிடுவது இன்னும் நல்லது. டவுன், சந்திப்பு, பாளையங்கோட்டை என்று பிரித்துவிட்டால் ஒவ்வொன்றிலும் நாலைந்து பெயர்கள்தான் இருக்கும். யார் முதலில் என்பதற்குப் பெரிய பொருள் இருக்காது.

ஊர்வாரி என்றதும் இன்னொரு வினா எழும். தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. குற்றாலத்து விடுதிகள் பலவற்றின் தளங்களில் இன்னமும் திருநெல்வேலி மாவட்டம் என்றே இருக்கிறது. சிலர் மாற்ற மறந்தவர்கள், சிலர் நெல்லை என்ற பெயருக்கு மதிப்பு அதிகம் என்று கருதி விட்டுவைத்தவர்கள். எங்கே இருக்க விரும்புகிறார் என்பதைப் பார்க்காமல், கட்டடம் எங்கே நிற்கிறது என்பதைப் பாருங்கள். இரண்டு இடத்திலும் பட்டியலிட ஒருவருக்கு இடம் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள். வெளியூரில் இருந்துகொண்டு "திருநெல்வேலி அல்வா" என்று பலகை வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும்: அல்வாவின் பெயரில் நெல்லை இருக்கலாம், கடை சென்னையில் இருந்தால் இந்த அடைவில் அதற்கு இடம் இல்லை.

சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931-இல் நூலகத்துக்கு வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது. நூலகத்தில் ஒரு நூல் எந்த அலமாரியில் நிற்கும் என்பதை நூலாசிரியர் தீர்மானிப்பதில்லை. அதேபோல் நூலகருக்கு அவர் மைத்துனராக இருந்தாலும் வகைப்பாட்டு எண் மாறுவதில்லை. அடைவில் கடைக்காரரின் நலனும் தொகுப்பாளரின் நலனும் மோதும்போது இருவரையும் விட்டுவிட்டு, தேடி வருகிறவரைக் கேளுங்கள். அல்வா வாங்க வருகிறவருக்கு "புகழ்பெற்ற" என்ற சொல் எந்த நேரத்தையும் மிச்சப்படுத்தாது. கடை இரவு எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்பது மிச்சப்படுத்தும்.

ரதவீதி வியாபாரி:

இவ்வளவு சிரமம் எதற்கு? ஒரு கட்டணம் வையுங்கள். பணம் கட்டியவருக்கு வரிசைப்படி வேலை நடக்கும், மாமன் மச்சான் என்ற பேச்சே எழாது. யாகூ அப்படித்தானே செய்தது?

கல்லிடை வாசகன்:

யாகூ செய்தது, வணிகத் தளங்களிடம் 299 டாலர் வாங்கியது. ஆனால் அந்தப் பணம் பரிசீலனைக்குத்தான், பட்டியலில் இடம் கிடைப்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று நிபந்தனையிலேயே சொல்லப்பட்டிருந்தது. அப்படியிருந்தும், பணம் கட்டியவரை நிராகரிக்கத் தொகுப்பாளருக்குக் கை கூசும் என்பதுதான் மனித இயல்பு. அந்த அடைவும் 2014 இறுதியில் மூடப்பட்டது. நம் ஊரில் இதைச் செய்தால் முதலில் வெளியே நிற்கப் போவது பத்தமடைக்காரர்களும் காருகுறிச்சிப் பானைக்காரர்களும்தான். அவர்களுக்காகத்தான் இந்த அடைவே தொடங்கப்பட்டது என்று கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். ரதவீதிக் கடைகளுக்குக் கட்டணம் ஒரு பொருட்டாக இருக்காது.

நூலகர் ஐயாவின் மறுப்பு எனக்கு ஏற்புடையதே. காரணத்தை விண்ணப்பித்தவருக்கு மட்டும் அனுப்பலாம். ஆனால் ஒரு மாற்றம் வேண்டும்: நிராகரிக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்தால், முதலில் பார்த்தவர் அதைத் தொடக் கூடாது, வேறு ஊரைச் சேர்ந்த இன்னொருவர் பார்க்க வேண்டும். உள்குறிப்பில் "சேர்க்கவில்லை" என்று மட்டும் எழுதினால் அந்த இரண்டாமவருக்கு ஒன்றும் புரியாது. எந்தப் பக்கத்தில் எது குறை என்று எழுதினால்தான் அவர் அதே இடத்தைத் திறந்து பார்த்து, குறை நீங்கியிருக்கிறதா என்று சொல்ல முடியும்.

பொருநைக்கரையான், பாளையங்கோட்டை:

அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை நாங்கள் கூடிப் பேசி, சிலவற்றை உடனே நடைமுறைப்படுத்தியிருக்கிறோம். ஒவ்வொரு பதிவின் கீழும் விண்ணப்ப நாள், சேர்த்த நாள், தொகுப்பாளரின் புனைபெயர், உறவு உண்டா இல்லையா என்ற நான்கும் இனித் தெரியும். உறவு உண்டு என்றால் வேறு வட்டாரத் தொகுப்பாளரின் ஒப்புதல் இல்லாமல் பதிவு ஏறாது. உணவுப் பிரிவில் காத்திருப்பவற்றை வந்த வரிசைப்படியே பார்த்து முடிக்கும்வரை அப்பிரிவில் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை என்றும் முடிவு செய்தோம். "அசல்" விஷயத்தில் ரசீதைப் படமெடுத்து அனுப்பச் சொல்கிறோம். இருவர் இதற்குள் பெயரைப் பழையபடி மாற்றிக்கொண்டுவிட்டார்கள்.

அல்வாக் கடைப் பதிவைத் தென்காசித் தொகுப்பாளர் மறுபடி எழுதினார். "புகழ்பெற்ற" போய், கடை நேரம் வந்திருக்கிறது. மாமனுக்கு வருத்தம் இருக்குமோ என்று பயந்தோம். அவர் கடை நேரத்தில் ஒரு பிழையைத் திருத்தச் சொன்னதோடு சரி. மருமகனுக்குத்தான் கொஞ்சம் மனத்தாங்கல்.

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. கோயில் பிரிவில் ஒரே கோயிலுக்கு இரண்டு தரப்பார் நடத்தும் இரண்டு தளங்கள் இருக்கின்றன. திருவிழா நாள்களில்கூட இரண்டுக்கும் வேறுபாடு உண்டு, ஒவ்வொரு தரப்பும் மற்றதை நீக்கச் சொல்கிறது. இரண்டையும் போட்டு, எது யார் நடத்துவது என்று மட்டும் விளக்கத்தில் எழுதலாம் என்பது என் எண்ணம்.

பழைய நூலகன், திருநெல்வேலி சந்திப்பு:

இரண்டையும் போடுங்கள். நடத்துகிறவர் பெயரை அந்தந்தத் தளத்தில் உள்ளபடியே எழுதுங்கள். உரிமை யாருக்கு என்பதைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். அறநிலையத் துறையின் கட்டுப்பாட்டில் உள்ள கோயில் என்றால் துறையின் பக்கத்தையும் மூன்றாவதாகச் சேர்த்துவிடுங்கள். அந்தப் பிரிவுக்கு அக்கோயிலின் வரிதாரர் (கோயிலுக்கு வரி கொடுக்கும் குடும்பத்தார்) அல்லாத ஒருவரைத் தொகுப்பாளராகப் போட முடியுமா என்று பாருங்கள்.